எந்தக் கையால் பிரேக் பிடித்தீர்கள்?

2006-ஆம் ஆண்டு செப்டம்பர் கடைசி. ஜெர்மனியில் உலகக்கோப்பைக் கால்பந்து முடிந்து, ஜன்னல்களிலும் கார்களிலும் பறந்த கொடிகளை எல்லாரும் சுருட்டி உள்ளே வைத்துவிட்ட சமயம். வால்டோர்ஃபுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் நாங்கள் குடியிருந்தோம். கணவருக்கு அங்கே சாஃப்ட்வேர் வேலை. எனக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை என்று விசாவிலேயே அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள்.

திருச்சியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தி, பேசிப் பேசியே தொண்டை கட்டிக்கொள்ளும் ஆள் நான். இங்கே கணவர் காலையில் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வருவார். அதுவரை பேச ஒரு ஜீவன் கிடையாது. என் குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே சமையலறையில் நின்று கத்தரிக்காயைச் சத்தமாகத் திட்டியிருக்கிறேன். சிரிக்காதீர்கள், அந்த ஊரில் கிடைக்கும் கத்தரிக்காயைப் பார்த்தால் நீங்களும் திட்டுவீர்கள்.

கடைக்குப் போய்வர வேண்டும் என்று கணவர் ஒரு பழைய சைக்கிள் வாங்கித் தந்தார். பருத்த டயரும் பல கியர்களும் உள்ள மலை சைக்கிள். அந்த விலைக்கு அதுதான் இருந்ததாம். பால் வாங்கப் போகிறேன் என்று கிளம்பி, ஊரை நாலு சுற்று சுற்றிவிட்டுத்தான் வருவேன். கீழ்வீட்டில் இருந்த ஜெர்மன் அம்மா இதைக் கவனித்திருக்கிறார். அறுபதை நெருங்கும் வயது, ஆனால் படிக்கட்டை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறுவார். ஒரு நாள் என் சைக்கிளைத் தட்டிக்காட்டி, கிழக்கே தெரிந்த மலையையும் காட்டி, சனிக்கிழமை வருகிறாயா என்று பாதி ஜெர்மனும் பாதி சைகையுமாகக் கேட்டார்.

சனிக்கிழமை காலைகளில் அக்கம்பக்கத்து ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஓடன்வால்ட் மலைக்காட்டுப் பாதைகளில் சைக்கிள் ஓட்டுவது அவர்கள் வழக்கம். அந்தக் கூட்டத்துக்குத் தலைவியே கீழ்வீட்டு அம்மாதான். தன்னுடைய பழைய ஹெல்மெட்டை என் தலையில் மாட்டி, தாடைக்குக் கீழே வாரை இழுத்துவிட்டு, ஒரு பார்வை பார்த்தார். பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதற்கு முன் அம்மா ரிப்பன் கட்டிவிட்டுப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

முதல் சில வாரங்கள் ஏறுவதிலேயே உயிர் போனது. பாதி மேடு தள்ளிக்கொண்டுதான் நடப்பேன். யாரும் விட்டுவிட்டுப் போனதில்லை. மேலே போய் ஃபிளாஸ்க்கில் இருக்கும் காப்பியை மூடியில் ஊற்றி, பிரெட்செல் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டு காத்திருப்பார்கள். எனக்கு ஜெர்மன் தெரியாது, அவர்களில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் வராது. ஆனாலும் அந்தச் சனிக்கிழமைக் காலைக்காகத்தான் நான் மற்ற ஆறு நாளையும் தள்ளினேன். அது மட்டும் இல்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு திருச்சிக்கே போயிருப்பேன். அப்படி ஒரு முடிவுக்கு இரண்டு தடவை வந்தும் இருந்தேன், கணவரிடம் சொல்லவில்லை.

அந்தச் செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை குழுவில் ஒரு புது முகம். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். மாநிறம். விடுமுறைக்குப் போயிருந்தவள் திரும்பி வந்திருக்கிறாள் என்று புரிந்தது. ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, வாயைத் திறந்தால் மடமடவென்று ஜெர்மன். துருக்கிப் பெண்ணாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கை குலுக்கினோம், அவ்வளவுதான்.

அதுவரை என்னை அகலமான பாதைகளில்தான் கூட்டிப்போனார்கள். அன்று முதல் முறையாகக் குறுகலான ஓர் இறக்கத்தில் விட்டார்கள். முந்தின இரவு மழை பெய்திருந்தது. பாதையின் குறுக்கே மர வேர்கள், அதன்மேல் ஈர இலைகள், ஒரு பக்கம் ஓடையை நோக்கிச் சரிவு. எனக்கு முன்னால் கீழ்வீட்டு அம்மா, எனக்குப் பின்னால் அந்தப் புதுப் பெண்.

பாதியில் சைக்கிள் வேகம் எடுத்துவிட்டது. பயந்துவிட்டேன். எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்த என் அண்ணன் ஒரே ஒரு சட்டம்தான் சொல்லியிருந்தான்: பள்ளத்தில் முன் பிரேக்கைத் தொடவே கூடாது, பின் பிரேக்கைப் பிடி. நம் ஊரில் லேடீஸ் சைக்கிளானாலும் ஸ்கூட்டியானாலும் இடக்கைதான் பின் பிரேக். அண்ணன் சொன்னதைத் தட்டாமல், வலக்கையைத் துளிகூட அசைக்காமல், இடக்கையால் இறுக்கிப் பிடித்தேன்.

அடுத்த நொடி பின்சக்கரம் தூக்கிக்கொண்டது. நான் ஹேண்டில்பாரைத் தாண்டிப் பறந்து குப்புற விழுந்தேன். “ஐயோ அம்மா!” என்று கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. பின்னால் ஏதோ முறிகிற சத்தம், ஒரு சைக்கிள் உருண்டு போகிற சத்தம். பிறகு ஒரு குரல், சுத்தமான தமிழில்:

“அக்கா, அசையாதேங்கோ! அப்பிடியே கிடவுங்கோ!”

அடிபட்ட மயக்கத்தில் காதில் ஏதோ கேட்கிறது என்றுதான் நினைத்தேன். தலையைத் திருப்பிப் பார்த்தால், துருக்கிப் பெண் முட்புதருக்குள் கிடக்கிறாள். என்மேல் ஏற்றிவிடக் கூடாதென்று சைக்கிளை மேட்டுப் பக்கம் ஒடித்து, அவளும் விழுந்திருக்கிறாள்.

“நீங்க தமிழா?” என்று கேட்டேன். அந்த நிலைமையில் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்.

“ஓம் ஓம், அது பிறகு கதைப்பம். காலை ஆட்ட ஏலுதோ எண்டு பாருங்கோ.”

ஆட்ட முடிந்தது. கன்னத்திலும் முழங்காலிலும் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. என் தலைக்குப் பக்கத்திலேயே வெட்டிப்போட்ட மரத்தின் அடிக்கட்டை ஒன்று இருந்தது. கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கப் பிடிக்கவில்லை. ஆனால் அவள் எழுந்திருக்கும்போது இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். பார்க்கும்போதே அது வீங்கிக்கொண்டிருந்தது.

எலும்பில் முறிவு. மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். கைக்குழந்தையாக அப்பா அம்மாவோடு யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, இங்கேயே வளர்ந்து, ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பழகிக்கொண்டிருந்த பெண் அவள். இப்படி வேலை பழகுவதை ஜெர்மனில் ஆவுஸ்பில்டுங் என்பார்கள். சின்னச் சின்னத் திருகாணி முடுக்குகிற வேலை. ஒரு கையை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? என்னால் வந்த வினை. அங்கே உட்கார்ந்து அழுதேன். “அழாதேங்கோ அக்கா, எலும்புதானே, பொருந்திவிடும்” என்று அவள்தான் என்னைத் தேற்றினாள்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் என் கன்னத்தைப் பார்த்தார். கோபப்படவில்லை. பயந்துபோய்விட்டார். “போதும்மா. இந்த மலையேறுற வேலையெல்லாம் நமக்கு செட் ஆகாது. சைக்கிளை வித்துடலாம்” என்றார். இன்னொருத்தி கையை ஒடித்துவிட்டு எந்த முகத்தோடு எதிர்த்துப் பேசுவது? சைக்கிளைக் கட்டடத்தின் நிலவறையில் கொண்டுபோய்ச் சாத்தினார்.

அடுத்த சனிக்கிழமை கீழ்வீட்டு அம்மா அழைப்புமணியை அடித்தார். நான் கதவைத் திறக்கவில்லை. திரைக்குப் பின்னால் நின்று, அவர்கள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு இந்த ஊர் சரிப்படாது, என் புத்திக்கு இங்கே உள்ள எதுவும் ஏறாது என்று அன்று தீர்மானமாகவே தோன்றியது. டிசம்பரில் ஊருக்குப் போகிற டிக்கெட் என்ன விலை என்று பார்க்கத் தொடங்கினேன். போனால் திரும்பி வருகிற எண்ணம் இல்லை.

இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு மாலை மறுபடி மணி அடித்தது. இந்த முறை திறந்தேன். கீழ்வீட்டு அம்மா நின்றார், பக்கத்தில் மாவுக்கட்டுக் கையோடு அந்தப் பெண். “வாங்க, உட்காருங்க, என்னை மன்னிச்சுடுங்க” என்று ஒரே மூச்சில் ஆரம்பித்தேன்.

“அதை விடுங்கோ அக்கா. நான் ஒண்டு கேக்கவெண்டுதான் வந்தனான்” என்றாள். “விழேக்க எந்தக் கையால பிரேக் பிடிச்சனீங்கள்?”

இடக்கையைத் தூக்கிக் காட்டினேன். “இந்தக் கைதான். பின் பிரேக்கைத்தான் பிடிச்சேன். எங்க அண்ணன் சொல்லிக்கொடுத்த மாதிரியேதான் செஞ்சேன்.”

அவள் கண்ணை மூடித் திறந்தாள். “எனக்குச் சந்தேகமாத்தான் கிடந்தது. இஞ்ச இடப்பக்கம்தான் முன் பிரேக், அக்கா. ஊரிலதான் மாறி. எங்கட அப்பாவும் வந்த புதுசில இப்பிடித்தான் குப்புற விழுந்தவர். முன்பல்லுப் பாதி போச்சுது. இப்பவும் சிரிக்கேக்க தெரியும்.”

சொல்லிவிட்டு, கீழ்வீட்டு அம்மாவுக்கு ஜெர்மனில் விளக்கினாள். அந்த அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். எத்தனையோ வருடமாக எத்தனையோ பேரை மலைக்குக் கூட்டிப்போனவர், இப்படி ஒரு விஷயம் உலகத்தில் உண்டு என்றே அவருக்குத் தெரியாது. எல்லா நாட்டிலும் இடப்பக்கம்தான் முன் பிரேக் என்று அவர் நினைத்திருந்தார். எல்லா நாட்டிலும் வலப்பக்கம்தான் என்று நான் நினைத்திருந்தேன். சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. ஊருக்குள்ளும் அகலமான பாதையிலும் மெதுவாக ஓட்டும்போது எந்தப் பிரேக்கைப் பிடித்தாலும் சைக்கிள் நிற்கத்தானே செய்யும்?

“சரி, இனிமே நான் மாத்திப் பிடிச்சுப் பழகிக்கிறேன்” என்றேன், மெல்லிய குரலில்.

“பழகலாம். ஆனா பயந்த நேரம் கை பழைய பக்கம்தான் ஓடும், அக்கா. அதுக்கு நாள் எடுக்கும். அதுவரைக்கும் சைக்கிளை மாத்துவம்.”

மூன்று பேரும் நிலவறைக்கு இறங்கினோம். அவளால் ஒரு கையை அசைக்க முடியாது, கீழ்வீட்டு அம்மாவுக்குப் படிக்கும் கண்ணாடி இல்லாமல் கிட்டத்துப் பொருள் சரியாகத் தெரியாது. அதனால் அந்த அம்மா டார்ச் பிடிக்க, அவள் தமிழில் சொல்லச் சொல்ல, நான்தான் பிரேக் கம்பிகளைக் கழற்றினேன். இந்தப் பக்கம் இருந்ததை அந்தப் பக்கம், அந்தப் பக்கம் இருந்ததை இந்தப் பக்கம். பெரிய வித்தை ஒன்றுமில்லை. முடிந்ததும் கீழ்வீட்டு அம்மா மேலே ஓடிப்போய்ச் சிவப்பு நாடா கொண்டுவந்து இரண்டு பிடியிலும் சுற்றி, ‘கவனம், மாற்றி மாட்டியது’ என்று ஜெர்மனில் எழுதினார். எச்சரிக்கைப் பலகை இல்லாமல் ஒரு பொருளை விட்டுவைக்க அந்த ஊர்க்காரர்களுக்கு மனசு வராது.

அந்த நேரத்தில் கணவர் வந்துவிட்டார். கையெல்லாம் கறுப்பாக நின்ற எங்களைப் பார்த்துத் திகைத்தார். விஷயத்தைக் கேட்டார். “ஓஹோ” என்று மட்டும் சொன்னார். பிறகு ஒன்றும் தெரியாதவர்போல, தான் ஆபீசுக்கு ஓட்டிப்போகும் சைக்கிளிடம் நழுவிப்போய், இடப்பக்கப் பிரேக்கைப் பிடித்து, எந்தச் சக்கரம் நிற்கிறது என்று உருட்டிப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் நிலவறையே அதிர்ந்தது. சைக்கிளை விற்கிற பேச்சை அவர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை அதே இறக்கத்தின் உச்சியில் நின்றேன். பயமாகத்தான் இருந்தது, ஒளிப்பானேன். மற்றவர்கள் எல்லாரும் இறங்கிப் போய்க் கீழே காத்திருந்தார்கள். நான் விழுந்த இடத்தில், அந்த அடிக்கட்டைக்குப் பக்கத்தில், மாவுக்கட்டுக் கையோடு அந்தப் பெண் நின்றாள். சைக்கிள் ஓட்ட முடியாதென்று, காட்டுப் பாதையில் நடந்தே ஏறி வந்திருந்தாள்.

“உடம்பைப் பின்னுக்குப் போடுங்கோ அக்கா. உங்கட கையை நம்புங்கோ. அது பிழை விடேல்லை” என்று கீழேயிருந்து குரல் கொடுத்தாள்.

விட்டேன். வேர்மேல் சக்கரம் துள்ளியது, பழைய பயம் அப்படியே எழுந்தது, கை தானாகவே இடப்பக்கம் இறுக்கியது. சைக்கிள் பின்னால் இழுத்துக்கொண்டு, சமர்த்தாக வேகம் குறைந்தது. அவளைத் தாண்டிப் போகும்போது நான் அழுதுகொண்டிருந்தேன். கீழே எல்லாரும் கைதட்டினார்கள். அன்று இரவு டிக்கெட் விலை பார்க்கவில்லை.

மறு வருடம் வசந்தத்தில், மாவுக்கட்டெல்லாம் பிரித்து வெகுநாள் ஆன பிறகு, நானே அவளைக் கூப்பிட்டு, “இனிமே பிரேக்கை இந்த ஊர் மாதிரியே மாத்திடலாமா?” என்று கேட்டேன். அவளுக்கு ஆச்சரியம் இல்லை. “நீங்கள் கேப்பீங்கள் எண்டு தெரியும்” என்றாள். சிவப்பு நாடாவை உரித்தோம். இன்றைக்கு நான் அனுமதி கிடைத்து இங்கேயே வேலை பார்க்கிறேன், இதே மலையில் புதிதாக வருகிற பெண்களைக் கூட்டிப்போகிறேன். பழகிக்கொள் என்று சொல்லிவிட்டு அந்த இருவரும் அன்று போயிருக்கலாம். பிரேக்கை எனக்கேற்றபடி மாற்றி மாட்டவைத்து, எனக்கு ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். அதனால், வந்த இடத்தில் தடுமாறுகிற யாரைப் பார்த்தாலும் இவருக்கு ஏன் இதுகூடத் தெரியவில்லை என்று எனக்கு இப்போது எண்ணம் வருவதில்லை. உங்களுக்குப் பழகிய கை எது என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.