தறி நின்ற சத்தம்

கிளாஸ்கோவில் எங்கள் இசைக்குழு ஆல்பம் பதியும் ஸ்டூடியோவில், தினமும் வேலை தொடங்குமுன் ஒரு நிமிடம் எல்லோரும் அசையாமல் நிற்க வேண்டும். காலி அறையின் அமைதியைக்கூட மைக்கில் பிடித்து வைத்துக்கொள்வார்கள். முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளகோவிலில் விசைத்தறிக் குடோனை ஒட்டிய வீட்டில் வளர்ந்தவள் நான். அங்கே சத்தம் நின்றால் ஒன்று கரண்ட் போயிருக்கும், இல்லை விருந்தாளி வந்திருப்பார்கள். விருந்தாளி தலை தெரிந்தாலே அப்பா பன்னிரண்டு தறிகளையும் நிறுத்திவிடுவார். வந்தவரைக் கத்திப் பேச வைக்கக் கூடாதாம். வீட்டு ஆட்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. பத்தாம் வகுப்பு மார்க்கைக்கூட நான் தறிச் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் சொன்னேன்.

நாங்கள் வாசிப்பது சைக்கடெலிக் ராக். கிட்டாரும் குரலும் எதிரொலித்துக் கரைந்து, கேட்பவருக்குத் தலை லேசாகச் சுற்ற வேண்டும். கடைசிப் பாட்டுக்கு மட்டும் எந்தத் தாளமும் உட்காரவில்லை. என் டிரம்ஸ் திரும்பத் திரும்பத் தறியின் தடக்கு தடக்குக்கே போனது. "அங்கேயே போய்ப் பதிவோம்" என்று கிட்டார் வாசிக்கும் ஃபியோனா டிக்கெட் போட்டுவிட்டாள். அவளுக்கு என்ன தெரியும்? படிக்க வந்த நான், நிச்சயம் செய்த கல்யாணத்தை ஃபோனிலேயே வேண்டாமென்று சொல்லிவிட்டு இங்கேயே தங்கிவிட்டேன். அப்பா என்னோடு பேசி ஆறு வருடம். "வா கண்ணு, நேர்ல பாத்தா பேசிருவாரு" என்றாள் அம்மா ஃபோனில். கோவையில் இறங்கி, காரில் காங்கேயம் தாண்டி வெள்ளகோவில் போய்ச் சேர்ந்தோம்.

குடோனுக்குள் காலெடுத்து வைத்தோம். அப்பா நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒவ்வொரு தறியாக நிறுத்திக்கொண்டே வந்தார். பன்னிரண்டும் நின்றன.

"வாங்க. உக்காருங்க. டீ குடிக்கிறீங்களா?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். எங்கள் பக்கம் பெற்ற பிள்ளைகளையும் 'ங்க' போட்டுக் கொஞ்சுவதுண்டு. இதில் கொஞ்சல் இல்லை.

"எவ்வளவு மரியாதை!" என்று ஃபியோனா நெகிழ்ந்துபோனாள். அவளை ஓங்கி அறைந்துவிடலாம் போலிருந்தது.

"தறிச் சத்தந்தாங்கப்பா வேணும். ஓட்டுங்க."

"விருந்தாளி இருக்கையில ஓட்டற பழக்கமில்லீங்க."

எனக்கு ஆத்திரம் முட்டிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று போய் மூன்றாவது தறியை நானே ஓட்டிவிட்டேன். நூலைப் பார்க்கவில்லை.

"ஏ அம்மணி! கண்ணு என்ன பொடனீலயா இருக்குது? பாவு நூல் அத்துக்கெடக்குது, நிறுத்து புள்ள!"

கை தானாக நிறுத்தியது. குனிந்து, அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போட்டேன். விரல் மறக்கவில்லை. அப்பா என் பக்கம் திரும்பாமலே மற்றத் தறிகளை ஒவ்வொன்றாக ஓட்டிவிட்டுப் போனார். நான் அழுதது அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. ஃபியோனாவின் ரெக்கார்டர் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

இப்போது கிளாஸ்கோவில் கடைசிக் கட்ட வேலை நடக்கிறது. ஊரிலிருந்து திரும்பிய பிறகும் அப்பாவிடமிருந்து ஃபோன் இல்லை.

"நடுவில் உன் அப்பா கோபமாகக் கத்துகிறார். அதை வெட்டிவிடட்டுமா? அந்த மரியாதையான வரவேற்பைப் போட்டுக்கொள்ளலாம்" என்றாள் ஃபியோனா.

"வரவேற்பை வெட்டு. திட்டை மட்டும் தொடாதே" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் அப்படியே செய்தாள். ஹெட்போனை மாட்டிக் கேட்கிறேன். வலது காதில் அவள் கிட்டார், இடது காதில் அப்பாவின் 'நிறுத்து புள்ள.' எந்தக் காதைப் பொத்தினாலும் பாட்டு பாதிதான் கேட்கிறது.