துறையூருக்கு ஒரே நாளில்

ஆண்டியப்பனுக்கு இலங்கை மலைநாட்டில், நோர்வூட் பஜாரில் துணிக்கடை. அதன் வாசலில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தவன் நான். அட்டன் பஸ்ஸில் ஏறினால் மூன்றாவது வளைவிலேயே வாந்தி எடுத்துவிடுகிற மனிதர் அவர். அவர்தான் எங்கள் பஜாரில் முதன்முதலாக விமானம் ஏறினார். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் பொறாமையும் சேர்ந்தே வரும்.

ஐம்பத்தாறாம் வருடம், ஒரு வியாழக்கிழமை காலை. திருச்சிப் பக்கம் அவர் சொந்த ஊரான துறையூரிலிருந்து தந்தி வந்தது: "அம்மா கவலைக்கிடம். உடனே வா." மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. அப்பா இறந்தபோது ரயில், தலைமன்னார்க் கப்பல், மறுபடி ரயில் என்று மூன்று நாள் அலைந்து போய், சாம்பலைத்தான் பார்த்தார். தலைப்பிள்ளை கையால் ஒரு வாய்ப் பால் வாங்காமல் அப்பா போனது அவரை அரித்துக்கொண்டே இருந்தது. அம்மாவுக்காவது ஊற்றிவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

"பிளேன்ல போறேன்" என்றார். கொழும்பிலிருந்த மைத்துனர் மறுநாள் காலைக்கு இடம் பிடித்துவிட்டார். மனைவி நாகலெட்சுமி வழக்கம்போல மூன்று நாளைக்குப் புளிச்சோறு கிளறிக் கட்டினார்.

"பிளேன்ல போறவருக்கு எதுக்கு அண்ணி இம்புட்டு?" என்றேன்.

"எதுல போனாலும் இந்தியாவுக்குத்தானேங்க போறாரு? தூரம் கொறஞ்சா போச்சு?" என்றார்.

திரும்பி வந்து அவர் சொன்னதை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். அட்டனிலிருந்து கொழும்புக்கு நூற்றெட்டு மைல். ரயில் ஆறு மணி நேரம் உருட்டியது. கொழும்பிலிருந்து திருச்சிக்கு இருநூற்று எண்பது மைல்; நடுவில் யாழ்ப்பாணத்தில் நின்றும் மூன்று மணி நேரம் ஆகவில்லை. "கடல் இருக்கே, கடல்! ஒரு தேத்தண்ணி குடிச்சு முடிக்கலங்க, அதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்பார். பிரமிப்பில் வாந்தி எடுக்கவே மறந்துவிட்டாராம்!

வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குச் சோற்று மூட்டையை அவிழ்க்காமலே துறையூர் வீட்டு வாசலில் நின்றார். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அவரை யாரும் எதிர்பார்க்கவில்லை.

அம்மா பேச்சியம்மா தரையில் பாயில் கிடந்தார். பார்வை போய்விட்டது, நினைவு மட்டும் தெளிவு. ஒருமுறை நோர்வூட்டுக்கு வந்து போனவர். அந்த மூன்று நாள் பாட்டை அனுபவித்தவர். மகன் குரல் கேட்டதும், "எப்பய்யா பொறப்பட்ட?" என்றார்.

"நேத்து மத்தியானம்மா."

"நேத்துத்தானே தந்தி குடுத்தாங்க! நேத்து அங்க இருந்தவன் இன்னிக்கு எப்படிய்யா இங்க நிப்ப? ஐயோ, எனக்கு முந்திப் போயிட்டியா, ராசா?"

உடம்பை விட்ட உயிர்தான் இத்தனை வேகமாகக் கடல் தாண்டும் என்று நினைத்துவிட்டார் பாவம். விமானத்தில் வந்ததாக மகன் சொல்லச் சொல்ல அழுகைதான் கூடியது. பால் கொண்டுவந்தவர்களையும் தள்ளிவிட்டார்.

"ஒங் காலக் காட்டு" என்றார் கடைசியில். செத்தவர் கால் தரையில் பாவாது என்பது அவர் நம்பிக்கை. ஆண்டியப்பன் வெறுங்காலோடு பாயருகே போய் நின்றார். அம்மா கையால் தரையைத் தடவினார், பாதத்தைத் தடவினார், பாதத்துக்கும் தரைக்கும் நடுவே விரலை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை.

"எம் புள்ளதான்" என்று சொல்லிவிட்டு, பாலுக்காக வாயைத் திறந்தார்.