சமனும் சாமானும்

வீட்டுப் பக்கத்தில் நெருப்பு வைக்கக்கூடாது என்கிற சட்டத்தின்மேல் எனக்குக் கோபமில்லை. யார் வைத்த நெருப்பானாலும் புகை கண்ணைக் கரிக்கத்தான் செய்யும். என் கோபமெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்மேல்தான். இத்தனை வருஷமாகியும் அது ஆறவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். அப்பா இறந்ததும் ரப்பர் தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். முட்டிவலியால் அம்மா அதற்கு முன்பே மரத்தில் பால்வெட்டும் வேலையை விட்டிருந்தார். வேலைக்குப் போகாதவர்களுக்குத் தொழிலாளர் லயத்தில் இடம் கிடையாது. தோட்டத்து ஆபீஸ் கிராணி வாசலில் நின்றுகொண்டு, “சாமான எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க” என்றார். உள்ளே வரக்கூட இல்லை. எனக்கு ஈப்போ நகரத்தில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அங்கே குனோங் ராபாட்டில் வரிசை வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து அம்மாவை அழைத்து வந்தேன்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு ரம்புத்தான் மரம். சாயங்காலமானால் அம்மா சருகைக் கூட்டிக் குவித்துக் கொளுத்திவிடுவார். கொசுவுக்கும் ஆகும் என்பார். தோட்டத்தில் மறுநடவு என்றால் மலையிலுள்ள கிழட்டு ரப்பர் மரங்களையெல்லாம் சாய்த்துக் கொளுத்துவார்கள். கொடியில் காயும் துணியெல்லாம் கரியாகும், பிள்ளைகள் இருமியே ஓய்ந்துபோகும். அது கம்பெனி வைத்த நெருப்பு, யாரும் வாய் திறக்கவில்லை. அதைப் பார்த்தே காலம் தள்ளியவருக்கு ஒரு கூடைச் சருகு குற்றமாகும் என்று எப்படித் தெரியும்?

ஒருநாள் வேலை முடிந்து வருகிறேன், வாசலில் மூட்டைகள். சாரோங்கில் கட்டிய பாத்திரங்கள், அரிசி வாளி, சாமிப் படங்கள், அப்பாவின் படம். அம்மியைத் தூக்க முடியாமல் கதவுவரை இழுத்து வந்து போட்டிருந்தார். மடித்த மெத்தைமேல் அம்மா உட்கார்ந்திருந்தார்.

“என்னம்மா இது?”

“முனிசிபல்காரன் வந்தான். இன்னொருவாட்டி கொளுத்துனா சாமான எடுத்துருவேன்னுட்டான். அவன் வந்து அள்ளி வீசுறதுக்கு முன்னாடி நாமளே போயிரலாம்.”

நான் மெதுவாகக் கேட்டுக் கேட்டுத்தான் விஷயம் புரிந்தது. வந்த அதிகாரி மலாய்க்காரர். ‘சாயா சமன்’ என்றிருக்கிறார். அபராதம் போடுவேன் என்று அர்த்தம். வண்டி ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் தெரிந்த சொல்தான். அம்மா சைக்கிள்கூட ஓட்டியதில்லை. அவர் காதில் அது சாமான் என்று விழுந்திருக்கிறது.

“பக்கத்துல யாரும் இல்லையா, கேக்குறதுக்கு?”

“அடுத்த வீட்டு ஐயா நின்னாரு. சாமானாங்கய்யான்னு கேட்டேன். தலைய ஆட்டுனாரு.”

அவர் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றும் சரளம். அவருக்கும் சரியாகக் காதில் விழுந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன். வெட்கப்பட்டுச் சிரித்தார். மூட்டைகளைப் பிரித்து எல்லாவற்றையும் உள்ளே வைத்தோம். அதன்பிறகு சருகு சாக்கில்தான் போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டில் விருந்து. வெட்டிய எண்ணெய்த் தகரத்தில் கரி போட்டு, ஆள் உயரத்துக்குப் புகையெழக் கோழி சுட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கொடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் விருந்தாளிகளிடம் கதை சொல்வது சுவருக்கு இந்தப் பக்கம் நன்றாகவே கேட்டது.

“அவன் சமன்னு சொல்றான், இந்தம்மா சாமானான்னு என்னையே கேக்குது. நான் ஆமான்னு தலைய ஆட்டிட்டேன். சாயங்காலம் பாத்தா மூட்டை முடிச்சோட வாசல்ல உக்காந்திருக்குலா!”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. துணியை அப்படியே போட்டுவிட்டு அவர் வீட்டு வாசலுக்குப் போனேன்.

“இது நெருப்பு இல்லையா அங்கிள்?”

“இது சமையல்லா. குப்பையா என்ன?”

“எங்கம்மா தப்பாப் புரிஞ்சிக்கிட்டது அன்னைக்கே உங்களுக்குத் தெரியும். ஏன் சொல்லல?”

அவர் இடுக்கியால் கோழியைத் திருப்பிப் போட்டார்.

“நான்தானே புகார் குடுத்தேன். சொல்லியிருந்தா மறுபடியும் கொளுத்தியிருப்பாங்க. இப்ப நின்னுருச்சில்ல?”

சட்டம் செய்ய வேண்டிய வேலையை ஒரு கிழவியின் பயத்தை வைத்து முடித்துக்கொண்டார் மனிதர். அதுவும் அதே மொழி பேசுகிறவர். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன்; லயத்துக் குழாயடியில் கேட்டு வளர்ந்த தமிழ் அத்தனையும் வந்தது. விருந்தாளிகள் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துப் போனார். அவர் பேசியதை அம்மாவும் கேட்டிருப்பார், இரண்டு வார்த்தை திட்டுவார், எனக்கும் மனசு ஆறும் என்று நின்றேன்.

அம்மா கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்: “பெரிய மனுசன்கிட்ட இப்படிக் கத்திட்டியே. இந்த வீட்டையும் காலி பண்ணச் சொல்லிருவாங்களா?”