அண்ணன் கொண்டுவந்த ப்ளூ-ரே பிளேயர்

அண்ணன் கப்பலில் எஞ்சினியர். ஒருமுறை லீவுக்கு வந்தபோது அப்பாவுக்கென்று ஒரு ப்ளூ-ரே பிளேயர் கொண்டுவந்தான். பெட்டியை அவர் மடியில் வைத்து, "அமெரிக்காவுல வாங்குனதுப்பா, ஒரிஜினல்" என்றான். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். அட்டையில் இருந்த எழுத்துகளை விரலால் தடவித் தடவி வாசித்தார்.

நான் அப்போது டிஸ்க் வாடகைக் கடை வைத்திருந்தேன். எந்த பிளேயர் உழைக்கும், எது கீறல் விழுந்த டிஸ்க்கைக் கண்டதும் திக்கும் என்று பார்ப்பதே என் பிழைப்பு. அதனால் அண்ணன் கப்பலுக்குத் திரும்பியபின் அப்பா என்னிடம் கேட்டார். "ஏலே, சாமான் எப்படி? பாத்துச் சொல்லு."

அவசரப்படாமல் போட்டுப் பார்த்தேன். கூடவே வந்த டிஸ்க்கில் கடலுக்கடியில் எடுத்த படம் இருந்தது. மீனின் செதில் ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது. இருட்டான இடங்களிலும் படம் புள்ளி புள்ளியாக உடையவில்லை. ஓடும் சத்தமே இல்லை. ஒரு காலத்தில் முத்துக் குளிக்கப் போன பக்கத்து வீட்டுப் பெரியவர் பார்த்துவிட்டு, "நம்ம கடல் அடியில இப்படியா கெடக்கும்? ஒரே கலங்கல்லா" என்று சிரித்தார்.

ஆனால் அது நம் மின்சாரத்துக்கு ஆகாது. நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்; என் கடையில் கிடந்ததை மாட்டித்தான் ஓட்டினேன். நம் ஊரில் பதிவான டிஸ்க் எதைப் போட்டாலும் இயங்காது என்று திரையில் எழுத்து வந்தது. அந்த நாட்டு வீடியோ முறை வேறு, நம்முடையது வேறு. இருந்ததை இருந்தபடி சொன்னேன். "நல்ல சாமான்தாம்ப்பா. ஆனா நம்ம வீட்டுக்கு உபயோகமில்ல."

அப்பா முகம் சுருங்கிவிட்டது. "அவன் வாங்கிக் குடுத்தா உனக்குப் பொறுக்காதே" என்றார். அதன்பின் வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த மீன்களைப் போட்டுக் காட்டுவார். உடம்பு முடியாதபோது அவரைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது நான். வந்தவர்களிடம் அவர் பேசியதெல்லாம் அண்ணனைப் பற்றி.

கடையை நான் மூடிய பிறகு, அம்மா இறந்தாள். அம்மா நடமாடுகிற படம் என்று எங்களிடம் இருந்தது தங்கச்சியின் கல்யாண டிஸ்க் ஒன்றுதான். மாதா கோயில் வாசலில் சிரித்துக்கொண்டு யாரையோ சாப்பிடக் கூப்பிடுவாள். அப்பாவுக்கு அதைப் பார்க்க ஆசை. அண்ணன் கொடுத்த பிளேயர் அதை எடுக்கவில்லை. என் கடையிலிருந்த மலிவு பிளேயரைக் கொண்டுவந்து மாட்டப் போனேன்.

"அதுல வேண்டாம்" என்றார். "மங்கலாத் தெரியும். உங்க அம்மைய நான் அந்த மீனு மாதிரி பளிச்சுனு பாக்கணும்."

"டிஸ்க்கே மங்கல்தாம்ப்பா. எதுல போட்டாலும் அவ்வளவுதான்."

"உனக்குப் போடத் தெரியலன்னு அண்ணன் சொல்லுதான். லீவுக்கு வந்து போட்டுத் தாரேன்னுருக்கான்."

போனில் அப்படித்தான் சொல்லியிருக்கிறான். லீவு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறை போன் வரும்போதும் அப்பா அதையே கேட்டார். அவனும் அதையே சொன்னான். அப்பாவின் பார்வை மங்கியது, பிறகு படுக்கையோடு கிடந்தார். கடைசிவரை அந்த டிஸ்க்கைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்.

அடக்கத்துக்கு அண்ணன் வந்துவிட்டான். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி, எல்லோரும் போனபின் கேட்டேன். "அண்ணே, அந்த பிளேயரு நம்மூரு டிஸ்க்க எடுக்காதுன்னு உனக்குத் தெரியாதா?"

"எந்த பிளேயரு?" என்றான். டிவிக்குப் பக்கத்தில் இருந்ததைக் கையால் காட்டினேன். "ஓ, அதுவா! கேபினுக்கு டிவி வாங்குனப்போ அதோட சேத்து கடைக்காரன் சும்மா குடுத்தாம்லே. நான் பெட்டியத் தொறந்துகூடப் பாக்கல."

"பெறகு ஏன் வந்து போட்டுத் தாரேன்னு சொன்ன?"

"அப்பா ஆசையாக் கேட்டாரு. மனசுக்கு ஆறுதலா இருக்கட்டுமேன்னு சொன்னேன். அதப் போயி இப்பப் பேசிக்கிட்டு..." என்று செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

கத்த வேண்டும் போலிருந்தது. துக்க வீடு என்று வாயை மூடிக்கொண்டேன்.

அவன் கப்பலுக்குக் கிளம்பிய பிறகு தங்கச்சி மறுபடி வந்தாள். என் பழைய பிளேயரில் டிஸ்க்கைப் போட்டோம். அம்மா மங்கலாகத்தான் வந்தாள், ஆனாலும் அம்மாதான். அவள் குரல் கேட்டதும் தங்கச்சி அழுதுவிட்டாள். "அப்பா ஏன் இதப் பாக்காம இருந்தாங்க?" என்று கேட்டாள். நான் டிஸ்க்கை எடுத்துத் துடைத்து உறையில் போட்டேன்.

புறப்படும்போது அண்ணன் கொடுத்த பிளேயரைத் தொட்டுப் பார்த்தாள். "அப்பா ஞாபகமா இத நான் எடுத்துக்கிடட்டா? அண்ணன் எவ்வளவு பிரியமா வாங்கியாந்தது!"

எடுத்துக்கொள் என்றேன். துணியில் சுற்றி, ஆட்டோவில் அவள் பக்கத்தில் வைத்தேன். இப்போது அவள் வீட்டு ஷோகேஸில் அப்பா படத்துக்குக் கீழே இருக்கிறது. அவள் தினமும் அதைத் துடைக்கிறாள். நான் போனால் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிடுகிறேன்.