நைனாவின் மூக்கும் என் மூக்கும்

நைனாவுக்குத் திருப்பதியில் மூட்டு மாற்று ஆபரேஷன் என்று முடிவானதும், பெங்களூர் கம்பெனியில் சண்டை போட்டு லீவு வாங்கி வந்தேன். வேலைக்கென்று நான் ஊரைவிட்டுப் போனதிலிருந்து, பாலசமுத்திரத்தில் அவரைப் பார்த்துக்கொண்டது அக்காதான். இந்த முறை பக்கத்தில் இருந்து கவனிக்கப்போவது நான் என்று அவளிடம் கறாராகச் சொல்லிவிட்டேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் நைனாவின் மூக்குக்குள் பஞ்சுக் குச்சி விட்டுத் துடைத்துச் சோதித்தார்கள். புண்ணில் சீழ் பிடிக்க வைக்கும் கிருமி அங்கே குடியிருக்கிறதாம். மனிதருக்கு மகா கோபம். சட்டையில் ஒரு சொட்டுக் குழம்பு பட்டாலும் மாற்றுகிறவர் அவர்.

"எனக்கா கிருமி? இவன்தான் பெங்களூர்லேர்ந்து புட்ச்சிக்கினு வந்து ஒட்டியிருப்பான்" என்று என்னைக் காட்டினார்.

நான் வந்தே ஒரு நாள்தான் ஆகியிருந்தது! எனக்கும் சுர்ரென்று ஏறியது. என் மூக்கையும் அக்காவின் மூக்கையும் சோதியுங்கள் என்றேன். கூட இருக்கப்போகிறவர்கள் என்பதால் டாக்டரும் ஒப்புக்கொண்டார்.

நைனாவின் துண்டிலேயே முகம் துடைக்கிற அக்காவின் மூக்கில் ஒன்றுமில்லை. என் மூக்கில் அதே கிருமி.

"அழுக்குக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்று டாக்டர் சிரித்தார். "சிலர் உடம்பு இதுக்கு எடம் குடுக்கும், சிலர் உடம்பு வெரட்டிடும். அதுல கொஞ்சம் பொறப்புலயே வர்றதுன்னு சொல்றாங்க. உங்க ரெண்டு பேருக்கும் அதுதான் காரணம்னு அடிச்சி சொல்ல முடியாது."

கடைசி வாக்கியத்தை நைனா காதில் வாங்கவேயில்லை. "அட, என் மூக்குடா அது!" என்று முகம் மலர்ந்தார். பக்கத்துக் கட்டில்காரரிடம் தெலுங்கிலும் ஒரு முறை சொன்னார். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

அது ரொம்ப நேரம் நிலைக்கவில்லை. நானும் மூக்கில் களிம்பு போட வேண்டும், அது முடியும்வரை ஆபரேஷன் புண் பக்கம் போகக்கூடாது, கட்டு மாற்றும்போது அக்கா மட்டும் இருக்கட்டும் என்றார் டாக்டர்.

களிம்பு போட்டு நைனாவின் மூக்கு தேறியது, ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. நர்ஸம்மா கட்டு மாற்ற, அக்கா அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் என் மூக்கில் களிம்போடு வாசலில் நின்றேன். இதற்கா அவ்வளவு சண்டை போட்டு வந்தோம் என்று அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் அவரை எழுந்து நடக்கச் சொன்னார்கள். அக்கா கை நீட்டினாள். நைனா அவளைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.

"இன்னாடா நின்னுக்கினு கீற? மூக்க அந்தாண்ட திருப்பிக்கினு கைய மட்டும் குடு."

மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்தபடியே அவரை நடக்க வைத்தேன்.