பஞ்சவர்ணத்தின் பாலில் தண்ணீர் இல்லை

பஞ்சவர்ணத்தின் பாலில் தண்ணீர் கலந்தவன் நான். அவளல்ல... நான்!

வேடசந்தூருக்கு மேற்கே உள்ள எங்கள் ஊர்ப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தில் இருபது வருடங்களுக்கு மேல் செயலாளராக இருந்தேன். காலையும் மாலையும் உறுப்பினர்கள் கொண்டுவரும் பாலை அளப்பதும், சோதித்துத் தரம் சொல்வதும் என் வேலை. மழை பொய்க்கும் பூமி எங்களது. சோளம் கருகிய வருடங்களில் மாட்டின் மடிதான் எங்கள் அடுப்பை எரித்தது. சங்கம் மட்டும் இல்லாதிருந்தால் பாதி ஊர் திருப்பூருக்குப் போயிருக்கும். இதை மேடைகளில் பேசியிருக்கிறேன். கைதட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பேச்சில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கசக்கிறது.

பஞ்சவர்ணம் ஊருக்குக் கிழக்கே, காலனியில் இருந்தாள். கணவன் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள். மகளிர் குழுக் கடனில் ஒரு கலப்பினப் பசுவை வாங்கி, ஒரு நாள் காலையில் தூக்குவாளியில் பாலோடு வந்து வரிசையில் நின்றாள். காலனியிலிருந்து எங்கள் சங்கத்துக்கு வந்த முதல் பால் அது. மாடு வைத்திருக்கும் எவரும் பால் ஊற்றலாம் என்பது விதி. அதுவரை அந்த விதிக்கு வேலையே வந்ததில்லை.

சோதித்தேன். அன்று வந்த பாலிலேயே அதுதான் முதல் தரம். அவளிடம் சொல்லவும் செய்தேன்.

மறுநாள் வரிசை நகரவில்லை. முன்னால் நின்றவர்கள் பாலை ஊற்றாமல் வாளியைப் பிடித்தபடியே நின்றார்கள். அவள் பால் விழும் கேனில் தங்கள் பால் விழக் கூடாதாம்! திண்டுக்கல்லுக்குப் போனதும் எல்லா ஊர்ப் பாலும், எல்லாத் தெருப் பாலும் ஒரே தொட்டியில்தான் கலக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாதா? தெரியும்.

சங்கத் தலைவர் என்னைத் தனியே அழைத்தார். குரலை உயர்த்திப் பேசாத மனிதர்.

"பாதிப் பேரு தனியாருக்கு ஊத்தப் போறேங்கிறாக. சங்கத்தப் பூட்டிட்டா யாருக்கு நட்டம்? நான் ஒண்ணும் சொல்லலப்பா. பக்குவமா நீயே பாத்துக்க."

பக்குவமாகத்தான் பார்த்துக்கொண்டேன்.

சோதனைக்குப் பால் எடுக்க ஒரு சிறிய எவர்சில்வர் குவளை உண்டு. அதைக் கழுவியபின் கவிழ்த்து வைப்பதே வழக்கம். நான் நிமிர்த்தி வைத்தேன். அடியில் கொஞ்சம் தண்ணீரை விட்டு வைத்தேன். அவளுடைய பாலை அதில் ஊற்றிக் கருவியில் வைத்தேன். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது, எடுக்க முடியாது என்று சொன்னேன். மூன்று நாள்... மூன்று நாளும் அவள் அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு, ஊரே பார்க்கத் திரும்பி நடந்தாள்.

நான்காம் நாள் பசுவையே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

சங்கத்து வாசல் தூணில் கட்டினாள். காலி வாளியை எல்லோருக்கும் கவிழ்த்துக் காட்டினாள். உட்கார்ந்து கறந்தாள். நுரை தணியும் முன்பே கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"இப்ப டெஸ்ட் பண்ணுங்க சார்."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேனா? நினைத்தேன். ஆனால் எதிரே டீக்கடை பெஞ்சிலிருந்து தலைவர் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் இரண்டு பிள்ளைகள்... என் கை வழக்கம்போல் குவளையை எடுத்தது. அதன் அடியில் தண்ணீர் இருந்தது.

கருவி தண்ணீர் என்று காட்டியது. "மாடே தண்ணியாத்தான் கறக்கும் போல" என்றார் ஒருவர். வரிசை சிரித்தது.

கண்முன்னே மடியிலிருந்து இறங்கிய பாலில் தண்ணீர் எங்கிருந்து வரும்? ஒரே ஒருவர் கேட்டிருந்தால் நான் அங்கேயே உடைந்திருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை. நான் எவரையும் ஏமாற்றவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லோருமாய்ச் சேர்ந்துதான் செய்தோம். கூட்டுறவு!

அவள் கருவியைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள். "சரி சார்" என்றாள். பசுவை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டாள்.

'தண்ணிப் பால்காரி' என்ற பெயர் அவளுக்கு நிலைத்தது. மெயின்ரோட்டு டீக்கடைக்காரரும் அவள் பாலை வேண்டாமென்றார். தீவனத்துக்கு வழியில்லாமல் பசுவை விற்றாள். பத்தாவது படித்துக்கொண்டிருந்த மூத்த பெண் நூல் மில் வேலைக்குப் பஸ் ஏறினாள். சங்கமோ வளர்ந்தது. சொந்தக் கட்டடம், குளிரூட்டும் தொட்டி... நல்ல செயலாளர் என்று எனக்கு ஒரு கேடயமும் தந்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

நான் ஓய்வு பெற்ற மறு வருடம் புதிதாக ஓர் அதிகாரி வந்தார். காலனியில் மாடு வைத்திருந்தவர்களை வரச் சொல்லி, இரண்டு நாள் காலையில் வாசலிலேயே நின்று அவர்கள் பாலை ஊற்ற வைத்தார். போய்விடுவோம் என்று மிரட்டியவர்களில் ஒருவர்கூடப் போகவில்லை. அப்படியானால் அன்றும் போயிருக்க மாட்டார்களா? நான் காப்பாற்றியதாக நினைத்தது எதை? இந்தக் கேள்விதான் என்னை அவள் வீட்டுக்குத் துரத்தியது.

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நாற்காலி எடுத்துப் போட்டாள். குவளையைப் பற்றிச் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"அன்னைக்கே தெரியும் சார். நீங்க வந்து சொல்லித்தான் தெரியணுமாக்கும்?"

மன்னித்துவிடம்மா என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீக? ஊருக்கு முன்னாடிதான எம்பேரக் கெடுத்தீக. எம்மகளக் கட்டிக் குடுத்த வீட்டுலயும் அந்தப் பேரச் சொல்லிக் காட்டுறாக. அந்த ஊரு முன்னாடியே போயிச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அடுத்த மாதம் சங்கத்தின் பேரவைக் கூட்டம். முன்னாள் செயலாளர் என்று மாலை போட்டு என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். பஞ்சவர்ணம் வந்திருந்தாள். உள்ளே வரவில்லை, வாசலுக்கு வெளியே நின்றாள். பால் கொண்டுவந்த நாட்களில் அவள் முகம் எப்படி இருந்தது என்றே எனக்கு நினைவில்லை. கூட்டத்தன்று பார்த்த முகம் மட்டும் நினைவிருக்கிறது.

பேசினேன். தீவன விலையைப் பற்றி, கோமாரித் தடுப்பூசியைப் பற்றி, ஒற்றுமையைப் பற்றி... ஊர் கைதட்டியது. மாலையைக் கழற்றிவிட்டுப் பார்த்தபோது வாசலில் அவள் இல்லை.

இதோ, உங்களிடம் தங்குதடையின்றிச் சொல்லிவிட்டேன். உங்களிடம் சொல்ல என்ன தைரியம் வேண்டும்? நீங்கள் நாளைக் காலை என் எதிரே வரப் போவதில்லை. அவள் என்னிடம் கேட்டது இதை அல்ல.

எங்கள் ஊரின் பெயரைக்கூட நான் எழுதவில்லை, கவனித்தீர்களா?