கசப்பை யார் அளந்தது?

கடைசியாக நானும் அம்மாவும் சேர்ந்து செய்த வேலை, சோச்சோ மூட்டையை வாய்க்காலிலிருந்து இழுத்துக் கரையேற்றியது. ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் கிடந்தால்தான் அந்தப் பயறின் கசப்பு இறங்கும். அம்மா ஒன்றை மென்று பார்த்தாள்.

"இன்னும் கசக்குது. உள்ள தள்ளு."

தள்ளினோம்.

அம்மா எர்சீலியா, எங்கள் ஊரான லத்தகுங்காவின் சந்தையில் சோச்சோ விற்றாள். பிள்ளைகள் வளர்ந்த பிறகு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். ஆய்வேடும் அந்தக் கசப்பைப் பற்றித்தான். 'எங்கள் ஊரில் ஐந்து நாள் ஊறவைப்போம்' என்று அவள் எழுதியதை ஆய்வு வழிகாட்டி அடித்துவிட்டு, ஓரத்தில் 'யார் அளந்தது?' என்று கேட்டிருந்தார். அன்றிலிருந்து ஆய்விதழ்க் கட்டுரைகளாகத் தேடிப் படித்தாள். எழுதியவர்களைப் பற்றிச் சாப்பாட்டு மேசையில் உறவுக்காரர்கள் போலப் பேசுவாள். பக்கத்து நாடான பெருவில், பூனோ என்ற ஊரில் ஒரு பெண். அவள் எழுதினால் சரியாகத்தான் இருக்கும்.

நான் குடிநீர் ஆய்வகத்தில் பொறியாளர். அம்மாவின் மூட்டையிலிருந்தே தினம் பயறு எடுத்துக் கசப்பை அளந்து கொடுத்தேன். அவள் அதை ஆய்வேட்டில் சேர்த்துக்கொள்ளவில்லை.

"ஒன்னோடத யாரு சரிபாத்தா?"

"நான்தான்."

"நீயே சமைச்சு நீயே நல்லாருக்குன்னா எப்படிடி? பேரு தெரியாத ரெண்டு பேரு படிச்சு, குடைஞ்சு, திட்டி, அப்பறம் அச்சுல விடணும். பூனோக்காரியையும் அப்படித்தான் விட்டாங்க."

"அப்ப அவளையே பெத்திருக்கலாம்."

"அவ இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சுக்க மாட்டா."

ஆய்வேட்டில் ஒரு அத்தியாயத்தையாவது படித்துத் திருத்துகிறேன் என்றேன். மகள் கூடாது என்று, கூடப் படிக்கும் நெல்சனிடம் கொடுத்தாள். அவன் பக்கமெல்லாம் சிவப்பு மையால் கீறித் தந்தான். அதற்கு அவன் தட்டில் பெரிய முயல்தொடை. எனக்கு எரிந்தது.

மூட்டையைத் திரும்ப உள்ளே தள்ளிய அந்த வாரம், சனிக்கிழமை சந்தையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள்.

அடக்கம் முடிந்து நெல்சன் என்னிடம் வந்தான்.

"அக்கா, அம்மா எங்கிட்ட, திங்கக்கெழம வழிகாட்டிகிட்ட ஒண்ணு கேக்கணும், ஞாபகப்படுத்துடான்னாங்க. ஒங்க அளவுகள எந்த ஆய்விதழுக்கு அனுப்பலாம்னு. பூனோக் கட்டுரை அந்த ஊர் ரகத்தப் பத்தினதாம். நம்ம ரகத்த அளந்தது நீங்க மட்டும்தானாம். அச்சுல வந்துட்டா ஆய்வேட்டுல ஒங்க பேரப் போட்டு எழுதலாம்னாங்க."

இதையும் அவனிடம்தான் சொல்லியிருக்கிறாள்.

"கேட்டாளா?"

"திங்கக்கெழமதான்க்கா கேக்கறதா இருந்தாங்க."